மருந்துச் சீட்டில் நடைக்கும் இடம் வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு உறவிலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கும் முதல் அறிவுரை, 'பேசாமல் படுத்து ஓய்வெடு' என்பதுதான். குடத்தைத் தூக்காதே, கையை உயர்த்தாதே, வெளியே அலையாதே என்று அந்தப் பட்டியல் நீளும். எல்லாம் அக்கறையில் சொல்லப்படுபவைதான். ஆனால், அந்த அக்கறையே அவரை முடக்கிப்போடுகிறது. இந்தியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022-ல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் வந்ததாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இவர்களில் சிகிச்சை முடித்து நெடுநாள் வாழப்போகும் பெண்களுக்கு, மாத்திரையைப் போலவே உடற்பயிற்சியையும் அளவு குறித்து எழுதிக்கொடுத்து, கற்றுத்தந்து, தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை மருத்துவ அமைப்பு ஏற்க வேண்டும்.

சிகிச்சை கட்டியை அகற்றுகிறது. கூடவே சில சுமைகளையும் உடம்பில் விட்டுச்செல்கிறது. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அவற்றுள் முதன்மையானது. படுத்தே இருந்தால் தசை கரைகிறது. தசை கரையக் கரையக் களைப்பு கூடுகிறது. சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய ஹார்மோன் மாத்திரைகளில் சில எலும்பைத் தேய்க்கும், மூட்டுவலியையும் தரும். வலி தாளாமல் மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய மூட்டுவலி கொண்ட 121 பெண்களிடம் ஓராண்டு நடத்திய சோதனையில், நடையும் தசைப் பயிற்சியும் மேற்கொண்டவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது.

கனம் தூக்கினால் கை வீங்கிவிடுமே என்பது பலரின் அச்சம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்குக் கைவீக்கம் வரும் ஆபத்து உண்மையானது. அதனால்தான் இந்த அச்சம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் அதை நேராகவே சோதித்தனர். ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர், அழுத்த உறை அணிந்து, வாரம் இருமுறை சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினர். 2009-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் வீக்கம் முற்றியது அவர்களில் 14 விழுக்காட்டினருக்கு. எடை தூக்காதவர்களிலோ 29 விழுக்காட்டினருக்கு. முறையாகப் பழக்கிய கை சுமையைத் தாங்கும் என்பதே இதன் பொருள்.

உடற்பயிற்சி ஆயுளையும் நீட்டுமா? 2005-ல் வெளியான ஆய்வொன்று, இந்நோய்க்கு ஆளான 2,987 அமெரிக்கச் செவிலியரைத் தொடர்ந்து கவனித்தது. வாரம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடப்பதற்கு இணையாக உடலை இயக்கியவர்களுக்கு, ஒரு மணி நேரம்கூட நடக்காதவர்களைவிட இந்நோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாக இருந்தது. நடந்ததால் நலமா, நலமாக இருந்ததால் நடந்தார்களா என்ற கேள்வி நியாயமானது. இவ்வகை ஆய்வு அதற்கு முழு விடை தராது. ஆகவே, நடந்தால் நோய் திரும்பாது என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நோய் திரும்பிய பெண்ணிடம் 'நீ நடக்கவில்லை' என்று பழிபோடுவது அதைவிடப் பெரிய கொடுமை. களைப்பும் வலியும் குறைந்து உடல் தெம்பு பெறுவது உறுதிப்பட்ட பயன். அது ஒன்றே போதுமான காரணம்.

நாள் முழுக்க வீட்டுவேலை செய்பவருக்குத் தனியே எதற்குப் பயிற்சி என்றும் கேட்பார்கள். வீட்டுவேலையும் உழைப்புதான். ஆனால், அதை அவர் பெரும்பாலும் வலியில்லாத கையாலேயே செய்துமுடிக்கிறார். அறுவை நடந்த பக்கத்துத் தோள் இறுகி, ஒருநாள் தலை சீவவும் மேல்தட்டு டப்பாவை எடுக்கவும் கை எழாமல் போகிறது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்புபோல் மேலே ஊரவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் அதைத் தாண்ட முயல்வது எளிய பயிற்சி. இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். சொல்லித்தர ஆள் வேண்டும். பயிற்சிக்கான அரை மணி நேரத்தில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலும் ஆள் வேண்டும்.

சொல்லித்தரும் ஆட்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். சிகிச்சை முடித்த பெண்களின் பெயர்களை மருத்துவமனைகள் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 2023-ல் மாவட்டந்தோறும் அமைந்த 8 கி.மீ. நடைபாதையில் முதல் அரை கிலோமீட்டர் இவர்களுக்குத் தொடக்கமாக அமையட்டும். வாரம் மூன்று நாள் அரை மணி நேர நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது 2019-ல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்த அளவு. பத்து நிமிடத்தில் தொடங்கி அதை எட்டலாம். எலும்புக்கு நோய் பரவியவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவரே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் எடையும் ரத்த அழுத்தமும் குறிக்கப்படுகின்றன. அந்தச் சீட்டிலேயே, 'இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள்?' என்று கேட்டு எழுத இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும். கேட்கப்படும் என்று தெரிந்தால்தான் அந்தப் பெண்ணும் நடப்பார். வீடும் அவருக்கு வழிவிடும்.