ஜீரோவிலிருந்து ஒரு சவுண்டு!



ஒரே ஒரு பட்டனை அமுக்கி, ஒண்ணரை வருஷ கெத்தை மொத்தமாக அழித்திருக்கிறீர்களா? அடியேன் அழித்திருக்கிறேன். அதுவும் கல்ச்சுரல்ஸுக்கு சரியாக எட்டு நாள் இருக்கும்போது!

கணியம்பாடி பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் இ.சி.இ. மூன்றாம் வருஷம் குப்பை கொட்டிக்கொண்டு, காலேஜ் பேண்டில் கிடார் வாசிக்கிறவன் நான். (வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் என் தகுதி.) கையில் இருப்பது ஒரு பழைய மாடலர். அப்படின்னா? நிஜமான வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க சொத்தை எழுதிக் கொடுக்கணும், தூக்க ஆள் வைக்கணும். அந்த ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, எஃபெக்ட் பெடல் எல்லாவற்றையும் கணக்காக மாற்றி ஒரு சிப்பில் ஓட்டுகிற டப்பாதான் மாடலர். 1998-ல் லைன் 6 கம்பெனி ‘பாட்’ என்று ராஜ்மா பயறு ஷேப்பில் ஒரு சிவப்பு டப்பாவை இறக்கியது. அதற்கப்புறம் இந்த ஐட்டம் ஹாஸ்டல் ரூம் வரைக்கும் வந்துவிட்டது.

நம்ம டப்பா, பாஸ் அவுட் ஆன சீனியர் அண்ணாவிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே அவர் செய்து வைத்த நாலு பிரீசெட். எந்தக் குமிழ் எங்கே நிற்கணும் என்று டப்பா மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற செட்டிங்குக்குத்தான் அந்தப் பேர். ‘சாதா’, ‘மழை’, ‘படா’, ‘சோலோ’ என்று அவரே பேர் வைத்திருந்தார். காலால் மிதித்தால் போதும். “மச்சி, செம டோன்!” என்பார்கள். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வேன். அதில் என் பங்கு மிதித்தது மட்டும்தான் பாஸ்!

ஒரு ராத்திரி சும்மா இருக்காமல் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டேன். “பேக்கப் எடுத்தாச்சா?” என்று அது நல்ல மரியாதையாகத்தான் கேட்டது. படிக்காமலே எஸ் அடித்தேன். கட் பண்ணினா... நாலும் காலி. கம்பெனி செட்டிங்குகள் மட்டும் பல் இளிக்கின்றன. அவை கடையில் ஒத்தை ஆளாக வாசித்து, வாங்க வைக்கச் செய்தவை. எல்லாவற்றிலும் கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி ரிவர்ப். பேண்டோடு வாசித்தால் கரைந்து போகும்.

அண்ணாவுக்கு போன் போட்டேன். நைட் ஷிஃப்டில் இருந்தார். “செட்டிங்லாம் ஞாபகம் இல்லடா. நீயே பண்ணு, ஒண்ணும் கஷ்டமில்ல” என்று வைத்துவிட்டார்.

சரி, நாமளே பண்ணுவோம் என்று ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போனை மாட்டினேன். ரூம் மேட் தூங்குவதால் சத்தம் கம்மி. பேஸைக் கொஞ்சம் ஏற்று, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்று, நடுவில் இருக்கிற மிட்டை இறக்கு, கெயினைப் பத்தில் வை... ஆஹா! எனக்கே புல்லரித்தது.

மறுநாள் ரிகர்சலில் டிரம்மர் கேட்ட முதல் கேள்வி: “மச்சி, நீ வாசிச்சியா இல்லியா?”

ஒரே இரைச்சல். நடுவில் ஒரு நோட்டுகூட புரியவில்லை. எட்டிப் பார்த்த கல்ச்சுரல் கமிட்டி ஆசாமி, “ரெண்டு நாள்ல சரியாகலைன்னா கரோக்கி டிராக் போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிரம்மரும் பாடுகிற அக்காவும் ஃபைனல் இயர். அவங்களுக்கு இதுதான் கடைசி மேடை. அக்கா ஒண்ணும் சொல்லவில்லை. மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை.

என்னதான் தப்பு என்று தேடிப் பிடித்ததில் முதலில் மாட்டியது நம்ம காது. 1933-லேயே பெல் லேபில் ஃப்ளெட்சர், மன்சன் என்று ரெண்டு பேர் அளந்து சொல்லிவிட்டார்கள். சத்தம் கம்மியாக இருக்கும்போது காதுக்கு அடித்தளமும் உச்சியும் சரியாகக் கேட்காது. அதனால் ராத்திரியில் ரெண்டையும் ஏற்றுகிறோம். அதே செட்டிங் மேடைச் சத்தத்துக்குப் போனதும் பேஸ் வயிற்றைக் கலக்கும், ட்ரெபிள் காதைக் குத்தும். கிடார் நிஜமாகக் குடியிருக்கிற மிட்டை நானே காலி பண்ணியிருந்தேன். கீழே பேஸ் கிடாரும் கிக் டிரம்மும், மேலே சிம்பல்... நமக்கு எங்கே இடம்?

ரெண்டாவது தப்பு இன்னும் கேவலம். மாடலருக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் மாடலும் ஓடுகிறது. அதைக் கொண்டுபோய் காலேஜின் கிடார் ஆம்பில் சொருகினால், ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர். சாக்கு மூட்டைக்குள் வாசித்த மாதிரிதான் வரும். மிக்ஸருக்கோ ஹெட்போனுக்கோ போனால் அது ஆன். கிடார் ஆம்புக்குப் போனால் ஆஃப். இவ்வளவுதான் விதி. மிக்ஸருக்கு அது இல்லாமல் போனால், தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் கிடைக்கும். அதையும் சோதித்துப் பார்த்தாச்சு.

இங்கே ஒரு வாக்குமூலம். எனக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் அரியர். கன்வல்யூஷன் கேள்வியில்தான் போச்சு. ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ‘டப்’ கொடுத்து, அது எப்படி எழும்பி அடங்குகிறது என்று பதிவு செய்தால் அது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். வருகிற சிக்னலை அதோடு கன்வால்வ் பண்ணினால் அந்த ஸ்பீக்கரில் வாசித்த மாதிரியே கேட்கும். எந்தக் கணக்கை ‘இது எதுக்குய்யா உதவும்’ என்று மூடி வைத்தேனோ, அதை டப்பா ஒவ்வொரு நொடியும் என் காலடியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது! ஆனால் வால்வின் டிஸ்டார்ஷனுக்கு இந்தக் குறுக்கு வழி ஆகாது. அது லீனியர் இல்லை. மெதுவாக வாசித்தால் ஒரு குணம், அழுத்தினால் வேறு குணம். அதனால்தான் பெட்டியை நகல் எடுப்பதைவிட ஆம்பை நகல் எடுப்பது கஷ்டம். (அக்டோபரில் எழுதிய அரியருக்கு ரிசல்ட் இன்னும் வரலை. வேண்டிக்கங்க.)

நடுவில் ஞாயிற்றுக்கிழமை அம்மா உத்தரவில் ஆம்பூர் மாமா வீட்டுக்குப் போனேன். (பிரியாணிக்காக இல்லை. சரி, அதுக்கும்தான்.) மாமா டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருக்கிறார். என் சோகக் கதையைக் கேட்டுவிட்டு, “எல்லாத்தையும் பத்துல வெச்சா இன்னா ஆவும்?” என்றார். “தப்பா வாசிச்சாலும் தெரியாது மாமா” என்றேன்.

சிரித்தார். “எங்ககிட்டயும் அந்த வேல கீது மாப்ள. தோலுல உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறினது இருந்தா மேல தேய்ச்சுட்டு பெயின்ட் கோட்டிங் ஏத்துவோம். ஒண்ணும் தெரியாது. ஆனா ஏத்த ஏத்த அது தோலு மாதிரி இருக்காது, பிளாஸ்டிக் ஆயிடும். நல்ல தோலுன்னா லேசா ஒரு கை, அவ்ளோதான்.”

எலும்பைக் கீழே வைத்துவிட்டேன். ஒண்ணரை வருஷமாக நான் ஏற்றிக்கொண்டிருந்தது கோட்டிங்தான்!

திங்கள்கிழமை செமினார் ஹாலில், நிஜமான சத்தத்தில், காலி பிரீசெட்டில் ஆரம்பித்தேன். ஆம்ப் ஒண்ணு, பெட்டி ஒண்ணு. மற்ற எல்லாம் ஆஃப். எல்லாக் குமிழும் பன்னிரண்டு மணியில். சகிக்கவில்லை! நான் ஒழுங்காக அமுக்காத கம்பி எல்லாம் அப்படியே கேட்டது. முதல் ஒரு மணி நேரம் டப்பாவைத் தொடவே இல்லை, விரலைத்தான் சரி பண்ணினேன்.

அப்புறம் கெயின். சிடியில் கேட்கிற பிரமாண்ட கிடார் பெரும்பாலும் ஒரே பகுதியை ரெண்டு, நாலு தடவை தனித்தனியாக வாசித்து அடுக்கியது. ஒவ்வொன்றிலும் கெயின் நாம் நினைப்பதைவிடக் கம்மி. அதை ஒத்தைக் கிடாரில் பிடிக்கத்தான் பத்துக்குத் திருகுகிறோம். நான் நாலில் நிறுத்தினேன். கிடாரில் இருக்கிற வால்யூம் குமிழைக் குறைத்தால் அதே பிரீசெட் சாதுவாகிவிடுகிறது. நாலு பிரீசெட்டுக்கு மூன்றே போதும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41. கீழே அவன் ராஜ்யம். 100-க்குக் கீழ் இருப்பதை வெட்டினேன். தனியாகக் கேட்டால் ஒல்லியாக இருந்தது, டிரம்மர் சேர்ந்ததும் சரியாகிவிட்டது. அக்கா பாடும்போது வார்த்தை புரிய வேண்டிய இடம் 3,000 பக்கம். அங்கேயும் கொஞ்சம் விலகிக்கொண்டேன். டிலேக்கு கணக்கு ஈஸி. 60,000-ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று வரும். எங்கள் பாட்டு 100. ஆக 600. அதில் முக்கால், 450 வைத்தால் எதிரொலி தாளத்துக்கு நடுவில் துள்ளும். எல்லாவற்றையும் லேப் அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். கம்ப்யூட்டரிலும் பேக்கப்! பட்டவனுக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை கமிட்டி ஆசாமி வந்து ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டார். கரோக்கி பற்றிப் பேசவில்லை.

மேடையில் எல்லாம் சூப்பரா என்றால், இல்லை. ‘சாதா’வின் லெவலை ‘படா’வோடு ஒப்பிட்டு வைக்க மறந்துவிட்டேன். முதல் பாட்டில் பாதி பேருக்கு நான் கேட்கவே இல்லை. சீரியல் லைட்டு போட்டதும் கிடாரில் உய்ய்ங் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். சிங்கிள் காயில் பிக்கப் என்பதால் உடம்பைத் திருப்பத் திருப்ப அது கூடும், குறையும். குறைகிற திசை சைடு ஸ்கிரீன் பக்கம். ஒரு பாட்டு முழுக்க ஸ்கிரீனைப் பார்த்தே வாசித்தேன். ஆட்டிட்யூட் என்று நினைத்து விசிலடித்தார்கள்! கடைசிப் பாட்டில் அக்கா பாட்டை நிறுத்தி, என் பக்கம் கையைக் காட்டினார். சோலோ. மிதித்தேன். கேட்டது. ஒவ்வொரு நோட்டும்.

வீடியோவை சீனியர் அண்ணாவுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்து பதில் வந்தது.

“என் டோன் மாதிரியே இல்லியேடா... சரி, அந்த சோலோ பேட்ச் ஃபைலை அனுப்பு.”

ஃபைலை அனுப்பவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன்.