பசு எந்தப் பால்?

காலை ஐந்தரை மணி. வலங்கைமானில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகை. அங்கே என் தங்கை மகள், ஒரு கையில் வைக்கோலும் இன்னொரு கையில் செல்போனுமாக நின்றுகொண்டு, "டேர் கூ... ம்ஹூம், டீ கூ... டீ கூ" என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். பால் கறக்க வந்த என் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது, மாட்டுகிட்ட வந்து டீ டீங்குற? அது பாலுதான்டி கொடுக்கும்!"

"அம்மாச்சி, ஜெர்மன்ல பசுவுக்குப் பேரு 'கூ'. அது பெண்பால். அதனால முன்னாடி 'டீ' போடணும்."

"பாலுக்கு முன்னாடியே டீயா? நல்ல பாஷைதான் போ!"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது.

அவள் நர்ஸிங் படித்தவள். கும்பகோணத்தில் வேலை பார்க்கிறாள். நைட் டியூட்டி முடித்து வந்து, தூங்காமல் ஆன்லைனில் ஜெர்மன் படிக்கிறாள். அங்கே நர்ஸாகப் பதிவு பெற வேண்டுமானால் பொதுவாக பி2 என்ற நிலை வரை மொழி தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய படி பி1. அதில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். இவள் மூன்றில் தேறி, எழுத்தில் விட்டுவிட்டாள். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனால் அதற்கும் பணம் கட்ட வேண்டுமே! என் தங்கை யாரிடமும் சொல்லாமல் கிடாரிக் கன்றை விற்றுவிட்டாள்.

அன்றிலிருந்து இந்தப் பெண் கொட்டகைப் பக்கம் போனாலே முகம் வாடிவிடும்.

ஒருநாள் அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தம். கவனித்துப் பார்த்தால், தப்பெல்லாம் ஒரே மாதிரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் என்ற சின்னச் சொற்களில்தான் தடுக்கி விழுந்திருந்தாள். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே 'தி' போதும். ஜெர்மனில் ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, இரண்டுமில்லாததற்கு டாஸ்.

"பெரியம்மா, தமிழ்ல மாடுன்னா மாடுதான். காளை வந்தது, பசு வந்தது, கன்னுக்குட்டி வந்தது. எல்லாமே ஒன்றன்பால். அங்க ஒரே தொழுவத்துல மூணு பால் இருக்கு!" என்றாள்.

நிஜம்தான். பசு 'டீ கூ'. காளை 'டேர் ஷ்டீர்'. கன்று 'டாஸ் கல்ப்'. அம்மா பெண், அப்பா ஆண், பிள்ளை மட்டும் 'அது'. கோழி வீட்டிலும் இதே கதை. சேவல் 'டேர் ஹான்', பெட்டை 'டீ ஹென்னெ', குஞ்சு 'டாஸ் க்யூக்கன்'. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நியாயம் பார்க்க முடியாது. நாய் என்றால் பொதுவாக ஆண்பால், பூனை என்றால் பெண்பால். குதிரை 'டாஸ்'. இதையெல்லாம்விட வேடிக்கை, 'மேட்ஷென்' என்றால் சிறுமி. அவளுக்கும் 'டாஸ்' தான்! 'ஷென்' என்ற விகுதி ஒட்டினாலே சொல் 'டாஸ்' ஆகிவிடுமாம். அதனால் பெயரைத் தனியாகப் படிக்கவே கூடாது. முன்னால் வரும் சொல்லோடு சேர்த்தே மனதில் ஏற்ற வேண்டும்.

கோலப்பொடி டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை. கொட்டகைச் சுவரில் ஒட்டிய பழைய காலண்டர் தாள்களில் மூன்று வண்ணத்திலும் பெயர்கள் ஏறின.

அடுத்தது பன்மை. நமக்கு 'கள்' ஒன்று போதும். பேச்சில் அதுகூட வேண்டாம், "நாலு மாடு மேயுது" என்றாலே புரியும். ஜெர்மனில் பசு 'கூ', பசுக்கள் 'க்யூஎ'. வாயில் 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ' என்று குவித்தால் அந்த ஒலி வரும். அம்மாவும் முயன்றார். மாடு திரும்பிப் பார்த்தது! கன்று 'கல்ப்', கன்றுகள் 'கெல்பர்'. நாய் 'ஹுண்ட்', நாய்கள் 'ஹுண்டெ'. பூனை 'காட்ஸெ', பூனைகள் 'காட்ஸென்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

"சொல்லோட வயித்துக்குள்ளயே எழுத்து மாறுது பெரியம்மா" என்று அலுத்துக்கொண்டாள்.

"ஏன், மாடு மாட்டை ஆகலையா? ஆறு ஆற்றுக்கு ஆகலையா? இதை நீ மூணு வயசுலயே பேசினவ" என்றேன். சற்று யோசித்தாள். அன்றுதான் முதல்முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன்.

பிறகு வேற்றுமைக்கு வந்தோம். இது என் சொந்த ஊர் மாதிரி. தமிழில் எட்டு வேற்றுமை, ஜெர்மனில் நாலுதான். எழுவாய், 'ஐ', 'கு', 'அது'. நம் முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள் செய்யும் வேலையைத்தான் அவையும் பெரும்பாலும் செய்கின்றன. எட்டு ஆறு தாண்டியவளுக்கு நாலு வாய்க்கால் பெரிதா?

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் உருபு சொல்லின் வாலில் ஒட்டும். பசுவை, பசுவுக்கு, பசுவினது. ஜெர்மனில் பெரும்பாலும் வால் ஆடாது, தலை ஆடும். பசு 'டீ கூ'. பசுவை என்றாலும் 'டீ கூ' தான். பசுவுக்கு என்றால் 'டேர் கூ'. பசுவினது என்றாலும் 'டேர் கூ'. இங்கேதான் இவள் விழுந்திருக்கிறாள். 'டேர்' என்றால் ஆண்பால் என்று மனதில் பதிந்துவிட்டது. பசுவுக்குப் புல் கொடுக்கும்போது அதே 'டேர்' பெண்பாலுக்கும் வரும் என்பது உறைக்கவில்லை.

"முதல்ல தமிழ்ல சொல்லு. 'கு' வந்தா நாலாம் வேற்றுமை. அப்புறம் அந்தத் தலையை மாத்து" என்றேன். புல்லை நீட்டியபடியே, "இஷ் கேபெ டேர் கூ க்ராஸ்" என்றாள். பசுவுக்குப் புல் கொடுக்கிறேன். பசுவும் வாங்கிக்கொண்டது.

கடைசியாக வந்தது உழவுமாடு. 'டேர் ஒக்ஸெ'. இதில் தலையும் ஆடும், வாலும் ஆடும். மாடு 'டேர் ஒக்ஸெ', மாட்டை 'டேன் ஒக்ஸென்', மாட்டுக்கு 'டேம் ஒக்ஸென்', மாட்டினது 'டெஸ் ஒக்ஸென்'. "இந்த வண்டி மாடு உனக்கு ஆஸ்பத்திரியில் எதற்கு?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்குப் புதிது. நோயாளி என்ற சொல்லும் அதே இனம்தானாம். 'டேர் பட்ஸியென்ட்' என்பவர் 'டேம் பட்ஸியென்டென்' ஆனால்தான் "நோயாளிக்கு மாத்திரை கொடுத்தேன்" என்று எழுத முடியும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எதைக் கொடுத்தது என்று வார்டு நோட்டில் தெளிவாக இருக்க வேண்டாமா? வேற்றுமை என்பது பரீட்சைக்கு மட்டுமான விஷயமில்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இந்தப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர் ஒருவர் உண்டு. நம் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்து இறங்கிய சீகன்பால்கு. ஜெர்மன்காரர், அப்போது 23 வயது. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதித் தமிழ் கற்றார். பத்து வருஷத்தில், 1716-ல், அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. மாடு எப்படி மாட்டை ஆகிறது என்று அவரும் மண்டையைக் குழப்பிக்கொண்டுதானே இருந்திருப்பார்!

எங்கள் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. 1869-ல் இங்கே பிறந்த சீனிவாச சாஸ்திரியை 'வெள்ளி நாக்கு' என்று உலகமே புகழ்ந்தது, அவர் பேசிய இங்கிலீஷுக்காக. அடுத்தவர் மொழி நம் நாக்கில் உட்காராது என்று வலங்கைமான்காரர்கள் யாரும் சொல்லக் கூடாது என்பேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம். அவளாகவே ஒரு வாக்கியம் எழுதி என்னிடம் நீட்டினாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். "வீர் ஹாபென் டாஸ் கல்ப் ஃபெர்கௌஃப்ட்."

"என்ன அர்த்தம்?"

"நாங்க கன்னுக்குட்டியை வித்துட்டோம்."

'டாஸ்' சரியாக இருந்தது. இரண்டாம் வேற்றுமையும் சரியாக இருந்தது. அவள் கண்தான் நிறைந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தங்கை எழுந்து வந்தாள். "நாங்கன்னு ஏன்டி சொல்ற? நான்தானே வித்தேன். நீ படிச்சா எனக்கு நூறு கன்னு" என்றாள்.

அம்மா சும்மா இருப்பாரா? "நூறு கன்னுக்கு அந்த பாஷையில என்ன?" என்று கேட்டார்.

"ஹுண்டர்ட் கெல்பர், அம்மாச்சி" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பன்மையிலும் தப்பில்லை.

வருகிற சனிக்கிழமை சென்னையில் பரீட்சை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை வேறு மொழியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தால், அந்த மொழி உங்களுக்குத் தெரியவில்லையே என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவோம்?" என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.