விண்கலத்திற் பாட்டெழுந்தபோது

‘ஸ்ரார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க விஞ்ஞானக் கதைத் தொடரின் வரலாற்றில் 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆந் திகதி ஒரு புதுமை நிகழ்ந்தது. 1966 இலே தொடங்கிப் பல கிளைகளாய்ப் படர்ந்த அத்தொடரில், கலத்தின் தலைவர் முதலாக எல்லோரும் பாடியும் ஆடியுமே கதையை நடத்திச் செல்லும் முழு இசை நாடகமொன்று முதன்முறையாக இடம்பெற்றது. ‘ஸ்ரேஞ்ச் நியூ வேர்ள்ட்ஸ்’ என்ற கிளைத் தொடரின் இரண்டாம் பருவத்து ஒன்பதாம் அங்கமாகிய ‘சப்ஸ்பேஸ் றப்சொடி’ என்பதே அது. தொடரின் தலைசிறந்த அங்கங்களுள் இதுவும் ஒன்றென மெச்சினர் ஒரு சாரார். தாம் இளமை முதற் போற்றி வந்த கதையைக் கேலிக்கூத்தாக்கி விட்டனரென நொந்தனர் மறு சாரார்.

தொலைக்காட்சிப் பொழுதுபோக்கொன்றைப் பற்றிய இப்பூசலை இலக்கியப் பக்கத்திலே எடுத்துப் பேசுவானேன் என வாசகர் வினவக்கூடும். பூசலின் மேற்பரப்பிலே மிதப்பது பாட்டு. அதன் அடியிலே கிடப்பவை இலக்கியத்தின் பழைய வினாக்கள். நெடுங்காலம் வாழும் ஒரு கதை யாருக்கு உரியது? படைப்போனுக்கா, அதனைப் பேணி வளர்த்த சுவைஞருக்கா? ஒரு மரபு தன்னைத் தானே மீண்டும் மீண்டும் சொல்லிக்கொள்வதால் வாழ்கிறதா, தன் வேலியைத் தானே தாண்டுவதால் வாழ்கிறதா? இவ்வினாக்களை மனத்திற் கொண்டே இரு சாராரின் கூற்றுக்களையும் நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலிற் கதையைக் கூறிவிடுவது நலம். என்ரர்பிறைஸ் என்னும் விண்கலம், இயற்கையாய் அமைந்த வெளி மடிப்பொன்றைக் காண்கிறது. அதன் வழியாகச் செய்திகளை விரைந்து அனுப்பலாமா என்று ஸ்பொக்கும் தொடர்பு அதிகாரியான உஹூராவும் ஆராய்கின்றனர். ஒலியலைகளுக்குப் பதிலாக இசையை அனுப்பிப் பார்த்தாலென்ன என்ற யோசனை பிறக்கிறது. பாட்டொன்று அனுப்பப்படுகிறது. உடனே கலத்திலுள்ளோர் அனைவரும், தம் விருப்பத்துக்கு மாறாகப் பாடத் தொடங்குகின்றனர். உணர்ச்சி பேச்சின் எல்லையைக் கடக்குமிடத்துப் பாட்டுப் பிறக்கும் என்னும் இசை நாடக மரபே அங்கே இயற்கை விதியாகிவிடுகிறது. பாடுவோர் தம் அந்தரங்கத்தை மறைக்க முடியாதவராகின்றனர். கப்டன் பைக்கும் அவருடைய காதலியும் தமக்குள் தீர்க்கவேண்டிய பிணக்கு, கட்டளை மேடையில் நிற்போர் அனைவர் முன்னும் பாட்டாய் வெடிக்கிறது. நோய் பிற கலங்களுக்கும் பரவுகிறது. ஈற்றில் எல்லோரும் ஒருமித்துப் பாடும் பெரும் பாட்டொன்றினாலேயே அம்மாயம் உடைகிறது.

இதனை எதிர்ப்போர் முன்வைக்கும் வாதங்களை மூன்றாக வகுக்கலாம். விஞ்ஞானக் கதை என்ற பெயருக்கு இது பொருந்தாது என்பது ஒன்று. தொடரின் கம்பீரம் குலைந்தது என்பது மற்றொன்று. பத்தே அங்கங்கள் கொண்ட பருவத்தில் ஓரங்கத்தை விளையாட்டுக்குச் செலவிடுதல் வீண் என்பது மூன்றாவது.

முதலாவது வாதத்தை எடுத்துக்கொள்வோம். மேலெழுந்தவாரியாக நோக்குவோர், ஒளியினும் விரைந்து செல்லும் கலத்தையும், மனிதனை அணுவணுவாய்ப் பிரித்து வேறிடத்திற் பொருத்தும் கருவியையும் நம்பியவர்க்குப் பாட்டை மாத்திரம் நம்ப முடியவில்லையோ என்று எள்ளி நகையாடுவர். இந்த விடை போதாது என்பதே என் எண்ணம். கற்பனை உலகிற்கும் சட்டமுண்டு. பொறிகள் எதையும் செய்யலாம், ஆனால் மனிதர் மனிதராகவே நடப்பர் என்பது இத்தொடர் தன் இரசிகரோடு செய்துகொண்ட எழுதாத உடன்படிக்கை. பாட்டு அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பாகத்தைத் தொடுகின்றது. ஆகவே எதிர்ப்போரின் கலக்கம் அறியாமையிற் பிறந்ததன்று. கூத்து மரபிற் பழகிய எமக்கு அரசன் ஏன் பாடுகிறான் என்று கேட்கத் தோன்றாது. இயற்பண்பு நாடகத்தைத் தாய்ப்பாலாக உண்டவர்க்கு அக்கேள்வி தோன்றியே தீரும்.

எனினும் இவ்வங்கத்தை எழுதிய டேனா ஹோகனும் பில் வொல்கொவ்வும் அக்கேள்வியை ஒதுக்கிவிட்டுச் செல்லவில்லை. பாத்திரங்களே அதனைக் கேட்கின்றனர், வெட்குகின்றனர், அஞ்சுகின்றனர். பாடுவதைப் பாதுகாப்புக்கு நேர்ந்த ஆபத்தாகவே கருதுகிறாள், காவற் பொறுப்பதிகாரியான லா-ஆன். விளக்கமாகச் சொல்லப்படும் விஞ்ஞானம் மெலிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் மெலிந்திருக்க, விளைவு உண்மையாய் இருத்தலே இத்தொடரின் பழைய இலக்கணமுமாகும்.

அடுத்து, கம்பீரம் குலைந்ததென்ற முறைப்பாடு. இதனைக் கூறுவோர் தம் நினைவிலுள்ள பழைய தொடரை மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். 1967 இல், அழிவு யந்திரமொன்று கிரகங்களை விழுங்கி வரும் கடுமையான கதையைத் தந்த அதே பருவத்திலேதான், மயிர்ப்பந்து போன்ற சிற்றுயிர்கள் பெருகிக் கலத்தை நிறைக்கும் நகைச்சுவைக் கதையும், சிக்காக்கோப் போக்கிரிகளைப் பின்பற்றி வாழும் கிரகத்தின் கதையும் வந்தன. பாட்டும் புதிதன்று. 1966 செப்டெம்பரிலே, ஒளிபரப்பான இரண்டாவது கதையிலேயே, நிஷெல் நிக்கல்ஸ் நடித்த உஹூரா பாட, ஸ்பொக் யாழ் போன்ற ஒரு கருவியை மீட்டினான். நிக்கல்ஸ் அம்மையார் நடிகையாகுமுன் மேடைப் பாடகியாய் விளங்கியவர். கம்பீரம் மாத்திரமே நிறைந்த ஸ்ரார் ட்ரெக் என்றுமே இருந்ததில்லை. சுவைகள் மாறி மாறி வந்தமையே அதன் இயல்பு.

மூன்றாவது வாதம் இவற்றினும் வலிது. பழைய தொடரின் முதற் பருவம் 29 கதைகளைக் கொண்டது. அவற்றில் ஒன்று பிசகினாற் கவலையில்லை. அடுத்த கிழமை வேறொன்று வரும். இன்றோ பருவமொன்றுக்குப் பத்து அங்கங்களே. ஐந்தாவது பருவமே இறுதியானதென்றும், அதில் ஆறு அங்கங்களே அமையுமென்றும் 2025 இல் அறிவிக்கப்பட்டது. மேலும், இசையங்கத்துக்கு இரண்டு அங்கம் முன்னர் வந்தது, சித்திரப்படத் தொடரின் பாத்திரங்கள் இவ்வுலகினுள் நுழையும் வேடிக்கைக் கதை. பத்தில் இரண்டு விளையாட்டாய்ப் போய்விட்டன என்று இரசிகன் கணக்குப் பார்ப்பானாயின், அவனைக் கருமி என்று ஏசுதல் தகாது. கொடுப்பவன் கையைச் சுருக்கும்போது கொள்பவன் எண்ணிப் பார்க்கவே செய்வான். இவ்விடத்திற் குறை இரசிகனுடையதன்று. நீண்ட பருவங்களைக் கைவிட்ட தொழின்முறையினுடையது.

அப்படியாயின் அந்த ஓரங்கம் வீணாயிற்றா? இங்கேதான் நான் எதிர்ப்போரைப் பிரிகின்றேன். விளையாட்டென்று சொல்லப்படும் இவ்வங்கத்தில் நிகழ்ந்தவை எவையும் அடுத்த நாள் அழிந்துபோகவில்லை. ஸ்பொக்கைக் காதலித்த தாதி சப்பல், தனக்கு ஆராய்ச்சி வாய்ப்பொன்று கிடைத்த களிப்பைத் துள்ளிப் பாடுகிறாள். புறப்படுவதற்குத் தான் ஆயத்தம் என்னும் அவளது பாட்டில் ஸ்பொக்குக்கு இடமில்லை. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே அதனைக் கேட்டு நிற்கிறான் அவன். அவள் செல்வது டாக்டர் கோர்பி என்பாரிடம். 1966 இன் பழைய கதையிலே சப்பலின் மணமகனாக வருபவரும் அவரே. முடிவை அறிந்த இரசிகனுக்கு அவளுடைய மகிழ்ச்சிப் பாட்டு, இன்னொருவனின் துயரத்துக்கு முன்னுரையாகக் கேட்கிறது. பழைய தொடரிற் சப்பல் அன்பு காட்டும்போது ஸ்பொக் ஏன் அவ்வளவு இறுகியிருந்தான் என்ற ஐம்பதாண்டுப் புதிருக்கும் இங்கே ஒரு விடை கிடைக்கின்றது.

லா-ஆனின் நிலையும் அத்தகையதே. வேறொரு காலவோட்டத்திற் சந்தித்துப் பறிகொடுத்த கேர்க்கை அவளால் மறக்க இயலவில்லை. இவ்வுலகத்துக் கேர்க்கோ அவளை அறியாதவன். பாட்டு அவளை அம்பலப்படுத்துமுன் தானே உண்மையைச் சொல்லிவிடத் துணிகிறாள். அவனும் அன்புடனே கேட்கிறான். ஆயினும் அவன் வாழ்வில் வேறொருத்தி உளள், அவள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தியே விடையாக வருகிறது. சொல்லிவிட்டதால் துன்பம் தீரவில்லை; சொல்லும் வலிமை மாத்திரம் வந்தது. இதனை விளையாட்டு என்று எங்ஙனம் கூறுவது?

உஹூராவின் தனிப்பாட்டே இவ்வங்கத்தின் உயிர்நாடி. விபத்தொன்றிற் பெற்றோரையும் உடன்பிறந்தானையும் இழந்தவள் அவள். எல்லோருக்கும் இடையே செய்தி இணைப்பை ஏற்படுத்துவது அவள் தொழில், அவளோ தனியள். அவ்விரண்டையும் ஒரே பாட்டில் இணைத்து, தன் தொழிலின் பொருள் இன்னதெனத் தானே கண்டுகொள்கிறாள். பாட்டுக்களை ஆக்கியோர் கே ஹான்லியும் ரொம் போல்சும். உஹூராவாக நடிக்கும் சீலியா றோஸ் குடிங், நியூ யோர்க்கின் புறோட்வே மேடையிற் பாடித் தேர்ந்தவர். 1966 இல் ஓய்வறையிலே பொழுதுபோக்காய்ப் பாடிய பாத்திரம், 2023 இல் அதே பாட்டைக் கொண்டு கலத்தைக் காப்பாற்றுகிறது. மரபை மீறியதெனக் கூறப்படும் அங்கம், மரபின் மறந்துபோன விதையொன்றை முளைக்க வைத்தது என்பேன்.

ஆயினும் ஓரிடத்தில் என் மனம் ஒப்பவில்லை. ஈற்றுப் பாட்டிற் கிளிங்கன் போர்வீரர், இன்றைய இளைஞர் இசைக்குழு போல ஆடிப் பாடுகின்றனர். அதற்கு நேர் முந்திய அங்கம், கிளிங்கன் போரின் கொடுமையிலே சிதைந்த மருத்துவர் ம்பெங்காவின் மனத்தைக் காட்டிற்று; பார்த்தோர் நெஞ்சம் கனத்தது. ஆறாத அப்புண்ணின் மேல் அடுத்த வாரமே சிரிப்பைத் தூவுதல் அவசரம். பிறரெல்லாம் தத்தம் உள்ளத்தைப் பாட, கிளிங்கனுக்கு மாத்திரம் உள்ளமின்றி வேடிக்கையே பங்காயிற்று. அந்த இனத்துக்குரிய இசையென இத்தொடரே முன்னர் வளர்த்தெடுத்த இசைநாடகப் பாணியிற் பாடியிருந்தாற் சிரிப்பும் குறைந்திராது, மதிப்பும் குறைந்திராது. அத்தகைய வடிவமொன்றைப் படமாக்கியும் பார்த்தனர் என்பதை அறியும்போது குறை மேலும் பெரிதாகின்றது.

இனி, கதை யாருக்கு உரியது என்ற வினாவுக்கு வருவோம். 1968 இல் முதற்றொடரை நிறுத்தவிருப்பதாகச் செய்தி பரவியபோது, இரசிகர்கள் ஆயிரமாயிரமாகக் கடிதம் எழுதினர். மூன்றாம் பருவம் அதன்பின் வந்தது. 1987 இலே புதிய கலமும் புதிய தலைவருமாக மற்றொரு தொடர் தொடங்கியபோது, இது எங்கள் ஸ்ரார் ட்ரெக் அன்று என்று பலர் முகஞ் சுழித்தனர். பின்னர் அதுவே பலருக்கு ‘எங்கள்’ தொடராயிற்று. உரிமை கொண்டாடுவோர் உள்ள கதைக்கே சண்டையும் உண்டு. எவரும் கோபியாத படைப்பு, எவருக்கும் வேண்டாத படைப்பாகவே இருக்கும்.

2024 இல் விஞ்ஞானக் கதைத் துறையின் ஹியூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலில் இவ்வங்கமும் இடம்பெற்றது. பரிசு வேறொன்றுக்குச் சென்றது. அப்பட்டியலைத் தெரிவோரும் இரசிகரே என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் விருது வாதத்தைத் தீர்க்காது, தீர்க்கவும் வேண்டியதில்லை. எதிர்த்தோர் காத்து நின்றது ஒரு கதையின் நேர்மையை. வரவேற்றோர் காத்து நின்றது அதன் துணிவை. நேர்மையை இழந்த துணிவு வெறும் வித்தையாகும்; துணிவை இழந்த நேர்மை வெறும் சடங்காகும். கிளிங்கன் பாட்டில் முன்னதன் சாயல் தெரிகின்றது. உஹூராவின் பாட்டிலோ இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. ஆகவே எதிர்த்தோரின் அளவுகோலையே கையிற் கொண்டு அளந்தாலும், இவ்வங்கம் தேறுகின்றது என்பதே என் துணிபு.