பதினாறு வருஷப் பதிவேடு

2022இல் பால்வெளி நடுவிலுள்ள கருந்துளையின் படம் வந்ததும் பேப்பர்கள் கொண்டாடின. குமாஸ்தாவாக இருந்த எனக்கு அதற்கு முந்தைய பதிவேடுதான் பெரிதாகப் படுகிறது. கென்செல் குழு 1992 முதல் சிலியிலும், ஆண்ட்ரியா கெஸ் குழு 1995 முதல் ஹவாயிலும் அங்குள்ள நட்சத்திரங்களின் இடத்தை வருஷா வருஷம் குறித்து வந்தன. எஸ்2 என்ற நட்சத்திரம் ஒரு சுற்று வர 16 வருஷம். 2002இல் கருந்துளையை நெருங்கியது, மறுபடி 2018இல். சுற்றின் அளவும் காலமும் தெரிந்தால் நடுவிலிருப்பதன் எடை வந்துவிடும். பள்ளியில் பிரெஞ்சில் படித்த அதே கெப்ளர் விதிதான்! விடை, சுமார் 40 லட்சம் சூரியன்கள். 2020இல் இருவருக்கும் நோபல்.

ஐந்தாம் வருஷமே "இதுவரை என்ன பலன்?" என்று நிதித்துறை கோப்பில் குறிப்பு எழுதி நிறுத்தியிருந்தால் அரைச் சுற்றுகூடத் தேறியிருக்காது. அடுத்த நெருக்கம் 2034 வாக்கில். அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கட்டும்.