மிஷெல் ஏக்கர்ஸை எப்படி அளப்பது?

மகளிர் கால்பந்தின் பழைய சாதனைகளைக் குறைத்துப் பேச ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கிறது: அன்றைய எதிரணிகள் சோப்ளாங்கிகள் என்பது. அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் 1991-இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையில் அடித்த 10 கோல்களில் ஐந்து, தைவானுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை, மறுக்கவில்லை. ஆனால் இறுதியாட்டத்தில் நார்வேயை 2-1 என வீழ்த்திய அந்த இரண்டு கோல்களும் அவருடையவைதான். அதே நார்வே அடுத்த உலகக் கோப்பையையே வென்றது. 1991-இன் அத்தனை கோல்களும் 80 நிமிட ஆட்டங்களில் அடித்தவை என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை; பெண்களின் கால்களை ஃபிஃபா அவ்வளவுதான் நம்பியது!

பின்னாளில் அமெரிக்காவுக்கு ஆடிய ஆபி வாம்பாக்கின் 184 சர்வதேசக் கோல்களுக்கு முன் ஏக்கர்ஸின் நூற்றுச் சொச்சம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் நாள்பட்ட சோர்வு நோய் பிடித்த பிறகு ஏக்கர்ஸ் முன்களத்தை விட்டுத் தற்காப்பு நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். அங்கே கோல் அடிப்பதைவிடத் தடுப்பதுதான் முதல் வேலை. 1999 உலகக் கோப்பையில் சீனாவுடனான இறுதியாட்டத்தில் 90 நிமிடம் நடுக்களத்தைக் காத்துச் சோர்ந்து வெளியேறினார். கோல் விழவே இல்லை. பெனால்டியில் அமெரிக்கா வென்றது. அந்த 90 நிமிடத்துக்குக் கோல் பட்டியலில் இடமே கிடையாது.