பெயரை மாற்றினால் ஆள் மாறுமா?

லினக்ஸில் அப்டேட் முடிந்ததும், வெளியிலிருந்து நிறுவிய ஏதாவது ஒரு புரோகிராம் "லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை" என்று அடம்பிடிக்கும். உடனே நம்ம பசங்க ஒரு கைவைத்தியம் சொல்வார்கள்: புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போடு! வேண்டாம் நண்பர்களே.

கோப்புப் பெயரில் இருக்கும் எண் அலங்காரத்துக்கு இல்லை. பழையதும் புதியதும் ஒத்துப்போகாது என்ற எச்சரிக்கை அது. 2022-ல் வந்த உபுண்டு 22.04, ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது, 1.1 போய்விட்டது. சிம்லிங்க் போட்டால் பெரும்பாலும் புரோகிராம் ஓடவே ஓடாது. தப்பித்தவறி ஓடினாலும் எப்போது கவிழும் என்று சொல்ல முடியாது.

பழைய 1.1-ஐ எங்கிருந்தாவது இறக்கிப் போடலாமே என்கிறீர்களா? அதுவும் ஆபத்துதான். 1.1.1-க்கு இலவசத் திருத்தங்கள் தருவதை ஓபன்எஸ்எஸ்எல் குழு 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இனி ஓட்டை விழுந்தால் நீங்களே அடைக்க வேண்டியதுதான்!

என்ன செய்யலாம்? எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று எல்டிடி கட்டளை காட்டும். அந்தப் புரோகிராமின் புதிய பதிப்பைத் தேடி நிறுவுங்கள். மூலநிரல் கையில் இருந்தால் மறுபடி கம்பைல் செய்யுங்கள். அரைமணி நேரம் கூடப் போகும், போகட்டுமே! நம் பாஸ்வேர்டுகளைக் காக்கிற லைப்ரரியில் ஒட்டுவேலை எதற்கு?