கிண்ணத்தைப் பிடிப்பது எது?

அழகாக அமைந்த எதையும் "கடைந்தெடுத்தாற்போல் இருக்கிறது" என்று சொல்வது நம் வழக்கம். கடைவதற்கு முன்னால் பிடிக்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த உண்மையை நாம் சற்றுக் கடுமையான முறையிலேயே கற்றுக்கொண்டோம்.

பல நிற மரத் துண்டுகளை ஒட்டிக் கடைந்த கிண்ணங்களை நேயர்கள் பார்த்திருக்கலாம். தேக்கு, ஈட்டி, பலா என்று துண்டு துண்டாக அறுத்து, 12 துண்டுகளைச் சேர்த்து ஒரு வளையம் செய்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 15 டிகிரி சாய்த்து அறுத்தால், 24 முனைகளும் சேர்ந்து 360 டிகிரி ஆகிவிடும். முனைக்குக் கால் டிகிரி பிசகினாலோ மொத்தத்தில் 6 டிகிரி பிசகிவிடும். பிறகு செங்கற் சுவரைப்போல் இணைப்புகளை மாற்றி, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கவேண்டும்.

நாமும் அவ்விதம் 4 வளையங்கள் அடுக்கினோம். கடைசல் யந்திரத்தில் அதைப் பொருத்த, அடி வளையத்தின் துவாரத்துக்குள் 'சக்'கின் நான்கு தாடைகளையும் செலுத்தி, வெளிப்புறமாக விரித்து முறுக்கினோம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்ற சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கினோம். யந்திரம் ஓடிற்று, உளி தொட்டது, 'பட்'டென்று ஒரு சத்தம். கிண்ணம் சுவரில் மோதிச் சிதறிக் கிடந்தது. சற்று முன்புவரை அந்தச் சுவரருகே நின்று வேடிக்கை பார்த்த குழந்தையை, நல்லவேளையாக, அதன் தாயார் சாப்பிட அழைத்துப் போயிருந்தாள். 10 அங்குலக் கிண்ணம் நிமிஷத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 30 மைல் வேகத்தில் செல்கிறது. இந்தக் கணக்கை நாம் பிற்பாடுதான் போட்டுப் பார்த்தோம்!

பிசகு எங்கே? துண்டுகள் முனையோடு முனை ஒட்டப்பட்டவை. மரத்தின் முனைப்பக்கம் பசையை உறிஞ்சிவிடுவதால் அந்த ஒட்டு பலவீனமானது. உள்ளிருந்து விரியும் தாடை அந்த ஒட்டுக்களையே இழுத்துப் பிரிக்கிறது. வெளியிலிருந்து அணைக்கும் தாடையோ அவற்றை நெருக்குகிறது. ஆகையால் சக்தான் வேண்டுமென்றால், அடியில் ஒரு முளை விட்டுக் கடைந்து, அதை வெளிப்புறமிருந்து பிடிப்பதே நலம். சிறிய கிண்ணங்களுக்கு அது போதும்.

பெரிய கிண்ணத்துக்குப் 'பேஸ் பிளேட்' என்னும் இரும்புத் தட்டே உத்தமம். அதில் ஒரு கழிவுக் கட்டையைத் திருகாணிகளால் பொருத்தவேண்டும். திருகாணி பலகையின் முகத்தில் இறங்கவேண்டுமே தவிர, முனையில் இறங்கினால் பிடிப்புக் குறையும். கட்டையைச் சமமாகக் கடைந்து, அதன்மேல் அடித்தட்டையும் வளையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கடையலாம். பசை காயும்வரை தட்டோடு கழற்றி வைத்து, மறுபடி மாட்டினாலும் மையம் மாறாது. ஒரு கிண்ணம் முடியும்வரை அந்தத் தட்டு வேறு வேலைக்கு உதவாது என்பது ஒன்றே குறை. முடிந்ததும் கட்டையை அறுத்து எறிந்துவிட வேண்டியதுதான்.

காலணாப் பெறாத கட்டையை மிச்சம் பிடிக்கப் போய், பல நாள் உழைப்பையும், அதைவிடப் பெரிய ஒன்றையும் பணயம் வைத்தோம். இரண்டாவது கிண்ணம் தட்டில் ஏறிச் சேதமின்றி இறங்கி, இப்போது நம் வீட்டில் முறுக்குச் சுமக்கிறது. முகக் கவசமின்றி நாம் யந்திரத்தை முடுக்குவதில்லை. கிண்ணத்துக்கு நேரே நிற்பதுமில்லை. குழந்தைக்கோ, யந்திரம் நின்ற பிறகே உள்ளே வர அனுமதி.